மூடுவதற்கு முன்னால்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கல்யாணப் பெண் நிறத்தைப் பார்ப்பாள். அம்மா ஜரிகையைப் பார்ப்பார். அப்பா விலைச் சீட்டைப் பார்ப்பார். கூட வந்த அத்தையோ பெரியம்மாவோதான் புடவையைச் சட்டென்று திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார். உடலும் கரையும் சேருகிற இடத்தில் விரலை வைத்து ஓட்டுவார். லேசாக இழுத்தும் பார்ப்பார். அந்தக் கூட்டத்தில் விவரம் தெரிந்தவர் அவர்தான்.

ஏனென்றால் காஞ்சிப் பட்டின் சூட்சுமமே சேர்க்கையில்தான் இருக்கிறது. கோர்வை என்பார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் பாவு தனித்தனி, ஊடை தனித்தனி. ஒரு நாடாவுக்குப் பதில் மூன்று நாடா ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கிற இடத்தில், ஒவ்வொரு வரிசையிலும், ஒன்றோடொன்று கொக்கி போட்டது மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு புடவையில் இப்படி ஆயிரக்கணக்கான கொக்கிகள். நெய்கிறவர் ஒருவர், எதிர்க் கரையில் நாடா தள்ளிக் கொடுக்க இன்னொருவர். ஒழுங்காகக் கோர்த்த புடவை, நடுவில் கிழிந்தாலும் கிழியுமே தவிர கரை பிரியாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

சேர்க்கை நன்றாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் புடவையைத் திருப்பிப் பார்த்துவிடலாம். துணிக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறது.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது, திருப்பிப் பார்க்க முடியாத ஒரு சேர்க்கையைப் பற்றி.

காஞ்சிபுரத்திலிருந்து தென்கிழக்கே கடலை நோக்கிப் போனால் கல்பாக்கம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அங்கே 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. அதன் பிரதான கலன் சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள ஒரு ராட்சத எவர்சில்வர் அண்டா. அதற்குள் திரவ சோடியம். சோடியம் காற்றைப் பார்த்தால் பற்றிக்கொள்ளும், தண்ணீரைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். அவ்வளவு பெரிய அண்டாவை எந்த லாரியிலும் ஏற்றிக் கொண்டுவர முடியாது. தகடுகளாகக் கொண்டுவந்து, அங்கேயே கொட்டகை போட்டுப் பற்றவைத்துத்தான் உருவாக்கினார்கள்.

அதேபோலத் திருச்சி. திருவெறும்பூர் பி.ஹெச்.இ.எல். ஆலையில் 1960-களிலிருந்து அனல்மின் நிலையங்களுக்கு பாய்லர் செய்கிறார்கள். பெரிய பாய்லர்களின் டிரம் என்கிற உருளையின் சுவர் 100 மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன் இருக்கும். உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு. வெல்டிங்கை ஆராய்ச்சி செய்வதற்கென்றே 1975-ல் அங்கே ஒரு நிலையம் தொடங்கினார்கள். அந்த ஆலையை நம்பி, சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்தன. வளைகுடா நாடுகளின் எண்ணெய் ஆலைகளில் திருச்சிப் பக்கத்து வெல்டர்களுக்குத் தனி மரியாதை.

நாம் பார்க்கிற வெல்டிங் தெருமுனையில் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் போடுவது. கண்ணைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவோம். மெல்லிய கம்பி, ஒரு பொட்டு வைத்தால் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை அகல இரும்பை அப்படி ஒட்ட முடியாது. இரண்டு தகடுகளின் ஓரத்தையும் சீவி, நடுவில் ஒரு பள்ளம் விட்டு, அந்தப் பள்ளத்தை அடியிலிருந்து உருகிய உலோகத்தால் அடுக்கடுக்காக நிரப்பிக்கொண்டே மேலே வர வேண்டும். கிணறு வெட்டுவதற்கு நேர் எதிர் வேலை. கிணற்றைத் தூர்ப்பது. ஆனால் தூர்த்த மண், சுற்றியிருக்கும் பாறையோடு பாறையாக ஆகிவிட வேண்டும்.

பள்ளம் எவ்வளவு அகலம் இருக்கலாம்? இங்கேதான் பிரச்னை ஆரம்பம்.

ஒரு சின்னக் கணக்கு. 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில், 60 டிகிரி கோணத்தில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி பள்ளம் வெட்டினால், மேலே அதன் வாய் 115 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நிரப்புவதற்கு ராடு ராடாக உலோகம் வேண்டும், நாள் கணக்கில் நேரம் வேண்டும். அதற்குப் பதில் 15 மில்லிமீட்டர் அகலத்தில் நேராக ஒரு சந்து வெட்டினால், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உலோகமே போதும். அத்தனை சூடு இறங்காததால் தகடு கோணிக்கொள்வதும் குறையும். எந்த இன்ஜினீயரைக் கேட்டாலும் சந்துதான் நல்லது என்பார். காகிதத்தில் அது முழு உண்மை.

இப்போது அந்தச் சந்துக்குள் கையால் பற்றவைக்கும் ஆளின் இடத்திலிருந்து பாருங்கள்.

அவர் கையில் இருக்கும் ராடே, மேல்பூச்சோடு சேர்த்து ஐந்து மில்லிமீட்டர் பருமன் வரும். சந்தின் அகலம் அதைப்போல் மூன்று மடங்கு. ஆழமோ ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரை சாண். ராடைச் சாய்க்க இடமில்லை, அசைக்க இடமில்லை. தீப்பொறி அடியில் விழ வேண்டும். ஆனால் தீப்பொறிக்குச் சோம்பேறித்தனம் அதிகம். பக்கத்தில் எந்தச் சுவர் கிடைக்கிறதோ அதன்மேல் தாவும். கறுப்புக் கண்ணாடி வழியாக அவருக்குத் தெரிவது ஒரு வெள்ளைப் புள்ளியும் அதைச் சுற்றிப் புகையும்தான்.

உலோகத்தின் மேல் கசடு உறையும். அதைத் தட்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அகலமான பள்ளத்தில் சுத்தியல் போகும். சந்தில் மூலையில் ஒட்டிய கசடைச் சுரண்டி எடுப்பது, புட்டியின் அடியில் ஒட்டிய ஊறுகாயை எடுக்கிற மாதிரி. கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த அடுக்கு அதை அப்படியே சமாதி வைத்துவிடும். அதைவிட மோசம், சுவரோடு உலோகம் உருகிச் சேராமல், சும்மா ஒட்டினாற்போல் நிற்பது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே ஒரு தாள் கனத்துக்குப் பிரிவு.

இத்தோடு முடியவில்லை. பாய்லருக்குப் போடும் கலப்பு இரும்பில் பல ரகங்களைச் சில்லென்று வைத்து வெல்டிங் செய்யக் கூடாது. முதலிலேயே 150, 200 டிகிரிக்குச் சூடாக்கி, முடிகிறவரை அந்தச் சூடு இறங்காமல் வைத்திருக்க வேண்டும். அதாவது தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டு முப்பது நாற்பது அடுக்கு போட வேண்டும். ராடுகளையும் அடுப்பில் வைத்து ஈரம் போக்கித்தான் எடுக்க வேண்டும். வெளியே வைத்து ஈரம் ஏறிய ராடைப் பயன்படுத்தினால், ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்ளும். அப்போது ஒன்றும் தெரியாது. வேலை முடிந்து, எல்லாரும் வீட்டுக்குப் போய், மறுநாளோ அதற்கு மறுநாளோ, யாரும் இல்லாத நேரத்தில் உள்ளே சத்தமில்லாமல் ஒரு விரிசல் விழும்.

சரி, இதில் தத்துவம் எங்கே வந்தது என்கிறீர்களா? இதோ.

அந்த வேலையின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் அடுக்குதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. 'ரூட்' என்பார்கள். வேர். அதைப் போட்டதும் இரண்டாவது அடுக்கு அதை மூடிவிடும். இரண்டாவதை மூன்றாவது மூடும். கடைசியில் வெளியே தெரிவது தொப்பி மாதிரி ஒரே ஒரு அடுக்கு. அதை மீன் செதில் போல வரிவரியாக அழகாகப் போட்டுவிட்டால் பார்க்கிறவர்கள் சபாஷ் சொல்வார்கள். கீழே இருக்கும் முப்பத்தொன்பது அடுக்குகளுக்கும் சாட்சி ஒரே ஒருவர். அவரே போட்டவர்.

இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்னால் கிரேக்க நாட்டில் பிளேட்டோ எழுதிய 'குடியரசு' நூலில் ஒரு மோதிரக் கதை வருகிறது. லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. விரலில் போட்டு உள்பக்கமாகத் திருப்பினால் ஆள் மறைந்துபோவான். அவ்வளவுதான், அரண்மனைக்குள் போகிறான், ராணியை வசப்படுத்துகிறான், ராஜாவைக் கொன்று சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடுகிறான். கதையைச் சொல்கிற கிளாக்கன் ஒரு கேள்வி போடுகிறான். இதே மோதிரத்தை ஒரு நல்லவனிடமும் ஒரு கெட்டவனிடமும் கொடுத்தால், இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் இருக்கும்? யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு எதற்காக ஒருவன் யோக்கியனாக இருக்க வேண்டும்?

நமக்கெல்லாம் அந்த மோதிரம் கற்பனை. வெல்டருக்கு அது தினசரி வேலை. ஒவ்வொரு அடுக்கும் அவர் விரலில் ஒரு மோதிரத்தை மாட்டிவிட்டுப் போகிறது.

பட்டறைகளில் ஒரு பழைய குறுக்குவழி உண்டு. உலகம் முழுவதும் வெல்டிங் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். பள்ளத்துக்குள் துண்டு ராடுகளையோ கம்பியையோ வெறுமனே போட்டு, மேலே ஒரு அடுக்கு பூசி மூடிவிடுவது. அரை நாள் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெளியே அதே மீன் செதில்.

"அதான் எக்ஸ்ரே இருக்கே சார்?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. எக்ஸ்ரே, அல்ட்ராசானிக் எல்லாம் இருக்கிறது. பாய்லர் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் செத்த பிறகு, 1864-ல் வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது. 1923-ல் நாடு முழுமைக்கும் பாய்லர் சட்டம் வந்து, நூறு வருடம் ஓடி, 2025-ல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. பரீட்சை எழுதித் தேறிய வெல்டர்தான் பாய்லரைத் தொடலாம். அவர் போட்ட இணைப்புக்குப் பக்கத்தில் அவருடைய நம்பரைக் குத்தி வைப்பார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் எல்லா இணைப்பையும் எல்லா இடத்திலும் படம் எடுப்பதில்லை. வேலையின் முக்கியத்துவத்தைப் பொறுத்து நூற்றுக்குப் பத்து என்கிற மாதிரி சாம்பிள் எடுக்கிற இடங்கள் உண்டு. சுவரோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிற அந்தத் தாள் கனப் பிரிவு, கதிர் விழுகிற கோணம் சரியாக அமையாவிட்டால் படத்தில் சிக்காமலே போகலாம். மறுநாள் விழும் விரிசல், இன்றைக்கு எடுத்த படத்தில் எப்படி வரும்? பரிசோதனை வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அது மோதிரத்தைக் கழற்றிவிடாது. கொஞ்சம் மங்கலாக்கும், அவ்வளவுதான்.

விளைவு என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம். பள்ளத்தில் நிரப்பிய வெல்டு அல்ல, அதைவிடச் சாதாரணமான மூலை வெல்டு. அதனால்தான் சொல்கிறேன்.

1980 மார்ச் 27 சாயங்காலம். வட கடலில், நார்வேயின் எண்ணெய் வயல் ஒன்றில், தொழிலாளர்கள் தங்குவதற்கான அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் மேடை. அதில் 212 பேர். காற்றும் அலையுமாக இருந்த நேரத்தில் மேடையின் குறுக்குத் தூண் ஒன்று முறிந்தது. அதைத் தொடர்ந்து மற்றவை முறிந்தன. ஐந்து கால்களில் ஒன்று கழன்று போக, மேடை சாய்ந்து, அரை மணி நேரத்துக்குள் கவிழ்ந்தது. 123 பேர் இறந்தார்கள்.

விசாரித்தபோது முறிவு தொடங்கிய இடம் தெரிந்தது. அந்தக் குறுக்குத் தூணில், கடலுக்கடியில் ஒலியைக் கேட்கும் ஒரு சின்னக் கருவியை மாட்டுவதற்காக ஒரு பிடி பற்றவைத்திருந்தார்கள். ஆறு மில்லிமீட்டர் வெல்டு. மேடையைத் தாங்குகிற இணைப்பு அல்ல, கருவியைத் தாங்குகிற இணைப்பு. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்தச் சின்ன வெல்டிலிருந்து விரிசல் வளர்ந்து தூணையே அறுத்துவிட்டது.

இதில் என்னை உறுத்துகிற விவரம் வேறு. முறிந்த பரப்பைச் சோதித்தவர்கள், பழைய விரிசலுக்குள் பெயிண்ட் இருப்பதைக் கண்டார்கள். அதாவது மேடை கடலுக்குப் போவதற்கு முன்னால், கட்டுகிற இடத்திலேயே விரிசல் இருந்திருக்கிறது. அதன்மேல் யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அந்த பெயிண்டரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தூரிகையை வைத்திருந்தவருக்கு விரிசல் தெரிந்ததோ இல்லையோ. தெரிந்திருந்தாலும், "இங்கே ஒரு கீறல் இருக்கு, யாராவது வந்து பாருங்க" என்று அவர் சொல்லியிருந்தால், வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்திருப்பார்களா? அல்லது "உனக்கு எதுக்குய்யா அது, பெயிண்ட் அடிக்கிற வேலையைப் பார்" என்றிருப்பார்களா? என் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

யாரும் பார்க்காத இடத்தில் நேர்மையாக இருப்பதைப் பற்றி நாம் பேசும்போது, எப்போதும் ஒரு தனி மனிதனைத்தான் கற்பனை செய்கிறோம். அவன், அவன் மனசாட்சி, நடுவில் யாரும் இல்லை. அப்படிப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டால் நமக்குக் கண் கலங்கும். கோயில் கோபுரத்தின் உச்சியில், யார் கண்ணுக்கும் படாத சிற்பத்தின் முதுகையும் ஒழுங்காகச் செதுக்கிய சிற்பி என்று கதை சொல்வோம். பாராட்டுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாராட்டில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. எல்லாப் பாரத்தையும் அவன் மனசாட்சியின் தலையில் ஏற்றிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

வெல்டர் கதையில் பாருங்கள். சந்தைக் குறுக்கியது யார்? அவர் அல்ல. குறுக்கியதால் மிச்சமான உலோகமும் நேரமும் யாருக்குப் போயிற்று? அவருக்கு அல்ல. அந்தக் குறுகலின் கஷ்டம் மட்டும் முழுசாக அவருக்கு. பல ஒப்பந்த வேலைகளில் தினமும் சாயங்காலம் ஒரு கணக்கு கேட்பார்கள். "இன்னிக்கு எத்தனை இஞ்ச் முடிச்சீங்க?" கசடைச் சுரண்டிய நேரம் அந்தக் கணக்கில் வராது. ராடைத் திரும்ப அடுப்பில் வைத்து எடுத்த நேரம் வராது. "இந்த அடுக்கு சரியா விழலை, வெட்டி எடுத்துட்டு மறுபடி போடறேன்" என்று அவரே முன்வந்து சொன்னால், அன்றைக்கு அவருடைய இஞ்ச் குறையும். சொல்லாமல் மூடினால் குறையாது.

அதாவது, பொய்க்குக் கூலி கொடுத்து, உண்மைக்கு அபராதம் போட்டுவிட்டு, "மனசாட்சி இல்லாத பயல்கள்" என்று புலம்புகிறோம்.

மறுபடி காஞ்சிபுரத்துக்கு வாருங்கள். இதே கதை பட்டு நூலில் அங்கே நடந்திருக்கிறது. 2008-ல் பிரியதர்ஷன் இயக்கத்தில் வந்த 'காஞ்சிவரம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரகாஷ்ராஜ் நடித்த நெசவாளி, ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறான். தன் மகளுக்கு ஒரு பட்டுப் புடவை வாங்க வழியில்லை. தினமும் கொஞ்சம் நூலை வாயில் ஒளித்து வெளியே கொண்டுவருகிறான். திருட்டுதான். படமும் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் பார்க்கிறவனுக்கு அந்தத் திருட்டு மட்டும் கண்ணில் படுவதில்லை. அவனை அங்கே கொண்டு நிறுத்திய கணக்கும் கண்ணில் படுகிறது.

கோர்வையில் எதிர்க் கரையில் நாடா தள்ள இன்னொருவர் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்த இன்னொருவர் பல தறிகளில் ஒரு குழந்தையாக இருந்த காலம் உண்டு. முன்பணக் கடனுக்காகத் தறியில் உட்கார்ந்த சிறுவர்களைப் பற்றித் தொண்ணூறுகளில் நிறையப் பேசப்பட்டது. 2003-ல் ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பிரசாரமும் சட்டமும் பள்ளிக்கூடமுமாகப் பிறகு நிலைமை வெகுவாக மாறியது. ஆனால் அந்த வருடங்களில் புடவையைத் திருப்பிப் பார்த்த அத்தைகள் எல்லாரும் கோர்வையைப் பார்த்தார்கள். எதிர்க் கரையில் உட்கார்ந்திருந்த குழந்தை, புடவையின் எந்தப் பக்கத்திலும் தெரியவில்லை.

ஆக, மோதிரம் வேலை செய்கிறவர் விரலில் மட்டும் இல்லை. வாங்குகிறவர் விரலிலும் ஒன்று இருக்கிறது. தொழிலாளி செய்வது நமக்குத் தெரியாது. நாம் பேரம் பேசிக் குறைத்த ரூபாய் எங்கே போய் யாரை நெருக்குகிறது என்பதும் நமக்குத் தெரியாது. அவருக்கு ஒரு மறைவு, நமக்கு ஒரு மறைவு. கிளாக்கனின் கேள்வி இரண்டு பேருக்கும்தான்.

இப்படிச் சொன்னதும் ஒரு ஆட்சேபம் வரும். "அப்போ கூலி குறைச்சல்னா கசடை மூடலாமா? அதுக்கு நீங்களே வக்காலத்து வாங்கறீங்களா?"

இல்லை. பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவருக்கு எந்தக் கணக்கும் தெரியாது. அவர் உயிர், அந்த அடி அடுக்கில் இருக்கிறது. கூலி போதவில்லை என்பது சண்டை போட வேண்டிய விஷயம், வேலையை விட்டுப் போகக்கூடிய விஷயம், உள்ளே கம்பியைப் போட்டு மூடுகிற விஷயம் அல்ல. மூடியவர் பொறுப்பு மூடியவருக்குத்தான். அதை நான் ஒரு தோலா கூடக் குறைக்க மாட்டேன். நான் சொல்வது, அவருடைய பொறுப்பு முழுசாக இருப்பதால் நம்முடையது காலியாகிவிடாது என்பதுதான். ஒரே தப்புக்கு இரண்டு பேர் முழுப் பொறுப்பாளிகளாக இருக்க முடியும். இதென்ன சொத்தா, பங்கு பிரித்தால் குறைவதற்கு?

"இதெல்லாம் எதுக்கு சார், ரோபோ வந்தாச்சு" என்பவர்களும் உண்டு. வந்திருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கார் ஆலைகளிலேயே ரோபோக்கள் தகடுகளைப் பொட்டு வைத்து இணைக்கின்றன. பாய்லர் டிரம்மின் நீளமான இணைப்புகளையும் மெஷின் போடுகிறது. மெஷினுக்கு இஞ்ச் கணக்கு கிடையாது. ஆனால் மின் நிலையத்தில், ஐம்பதடி உயரத்தில், நாலு குழாய்களுக்கு நடுவில், பின்பக்கம் இருக்கும் ஐந்தாவது குழாயை இணைக்க வேண்டும் என்றால் இன்றைக்கும் மனிதர்தான் ஏறுகிறார். நேராகப் பார்க்க முடியாத இடத்தில் ஒரு கண்ணாடியை மாட்டி, அதில் இடம் வலமாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு பற்றவைக்கிறார். தலைவாரிக்கொள்ளும்போது கண்ணாடியில் சீப்பு எதிர்ப்பக்கம் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையில் சீப்புக்குப் பதில் தீ. அப்படிப்பட்ட இடங்கள் தீராது. வீட்டிலும் இருக்கின்றன. சுவருக்குள் போகும் வயர், தரைக்கடியில் போகும் குழாய், கான்கிரீட்டுக்குள் போகும் கம்பி. நம்முடைய ஃபிளாட்டுகள் எல்லாமே மூடப்பட்ட அடுக்குகள்தான்.

அப்படியானால் என்னதான் செய்வது?

நல்ல ஆலைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு அது எந்த நீதி நூலுக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. முக்கியமான வேலைகளில், ரூட் போட்டு முடித்ததும் வெல்டர் நிறுத்திவிட வேண்டும். அடுத்த அடுக்கைப் போட அவருக்கு அனுமதி கிடையாது. இன்ஸ்பெக்டர் வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, சில சமயம் சாயம் தடவி விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே நிரப்பலாம். வேலைத் திட்டத்திலேயே அந்த நிறுத்தம் எழுதப்பட்டிருக்கும். அதற்கான நேரமும் சேர்த்துத்தான் நாள் கணக்குப் போடுவார்கள். நிறுத்தியதற்காக யாரும் வெல்டரைத் திட்ட முடியாது. நிறுத்தாமல் போனால்தான் திட்டு.

இதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பதை வேறு மாதிரியும் பார்க்கலாம். அதுவரை ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்த விஷயம் இப்போது இரண்டு பேருக்குத் தெரியும். நன்றாகப் போட்டிருந்தால், யாரும் பார்க்காமல் புதைந்துபோயிருக்கும் ஒரு நல்ல வேலையை ஒரு மனிதராவது பார்த்துவிட்டார். பிசகியிருந்தால், "வெட்டி எடுத்துட்டுத் திரும்பப் போடுங்கண்ணே, டைம் எழுதிக்கறேன்" என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். மனசாட்சிக்கு ஒரு துணை கிடைக்கிறது. அவ்வளவு நேரம் தனியாக நின்றுகொண்டிருந்தது அல்லவா?

குத்தி வைக்கிற நம்பர் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வெல்டர் நம்பரை நாம் எப்போது தேடுகிறோம்? இணைப்பு விட்டுப்போனால்தான். முப்பது வருடம் விடாமல் நிற்கிற இணைப்பின் நம்பரை யாரும் போய்ப் படிப்பதில்லை. புடவையிலோ அதுவும் இல்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கடையின் பெயர் பையில் பெரிசாக இருக்கிறது. நெய்தவர் பெயர் எங்கே? பழியைப் போடுவதற்கு மட்டும் ஆளைத் தேடுகிற ஊரில், யாரும் பார்க்காத இடத்தில் நன்றாகச் செய்ய ஆசை வருவது கஷ்டம்தான். அப்படியும் பெரும்பாலான இணைப்புகள் நிற்கின்றன. பெரும்பாலான கரைகள் பிரிவதில்லை. நம் காலடியில் பாய்லர்கள் வெடிக்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிளாக்கன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. மோதிரம் கிடைத்த எல்லாரும் ராஜாவைக் கொல்லப் போவதில்லை. நிறையப் பேர் கசடைத் தட்டி எடுத்துவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, அடுத்த ராடை எடுக்கிறார்கள்.

அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வேலைக்கு நாள் குறிக்கும்போது கசடு தட்டுகிற நேரத்தையும் சேர்த்துக் குறிக்கலாம். தானே முன்வந்து தப்பைச் சொல்கிறவர் கூலியில் கை வைக்காமல் இருக்கலாம். அடுத்த முறை உங்கள் வீட்டில் கொத்தனாரோ எலெக்ட்ரீஷியனோ பிளம்பரோ, "சார், மூடறதுக்கு முன்னால ஒரு தடவை வந்து பார்த்துடறீங்களா?" என்று கூப்பிட்டால், செல்போனைப் பார்த்துக்கொண்டே "நீங்களே பார்த்துக்கங்க" என்று சொல்லாதீர்கள்.

எழுந்து போய்ப் பாருங்கள்.